சுருள் சிரை நோய்: சிரை வால்வுகளின் திசுக்களில் நிகழும் மாற்றங்கள்

கனடாவின் டொரண்டோ மாநகரில், குறிப்பாக ஸ்கார்பரோ பகுதியில் வாழும் இலங்கைத் தமிழர்களில் பலர் 1983-ஆம் ஆண்டுக்குப் பின்னர் அங்கு சென்று குடியேறியவர்கள். தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் கடைகளிலும் நின்றபடியே உழைத்த அந்தத் தலைமுறையினர் இன்று 60 வயதை எட்டியோ கடந்தோ இருக்கிறார்கள். மாலையில் கால் கனப்பது, கணுக்கால் வீங்குவது, கெண்டைக்காலில் நீலமாக நரம்பு முறுக்கிக்கொண்டு நிற்பது போன்றவற்றை அவர்களில் பலர் வயதின் இயல்பு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கணுக்காலின் உட்புறத்தில் ஆறாத புண் தோன்றினால், அதைச் சர்க்கரை வியாதியின் கணக்கில் எழுதிவிடுவதும் உண்டு. இந்த இரண்டாவது தவறு ஆபத்தானது. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, காலின் சிரைகளுக்குள் இருக்கும் மிக மெல்லிய வால்வுகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர் பற்றி ஒரு விளக்கம். பேச்சுத் தமிழில் இந்த நோய் நரம்புச் சுருட்டல், நரம்பு முடிச்சு என்றெல்லாம் அழைக்கப்படுகிறது. ஆனால் நரம்புகளுக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. உடலின் பல பாகங்களிலிருந்து இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களே இங்கு பாதிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றைச் சிரை என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் இவை நாளம் என்று வழங்குகின்றன. இரண்டு பெயர்களும் ஒரே குழாயைத்தான் குறிக்கின்றன. நரம்புத் தளர்ச்சிக்கு என்று விற்கப்படும் மாத்திரைகளை இந்த நோய்க்கு வாங்கிச் சாப்பிடுவோர் இருப்பதால், பெயரில் உள்ள இந்தக் குழப்பம் வெறும் சொற்பிரச்சினை அல்ல.

ஒருவழிக் கதவுகள்

சிரைகளில் வால்வுகள் இருப்பதை விரிவாக விவரித்து, 1603-ஆம் ஆண்டு படங்களுடன் நூலாக வெளியிட்டவர் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ். இரத்தம் முழுவதும் கால்களில் போய்த் தேங்கிவிடாதபடி வேகத்தைக் குறைக்கும் தடைகளே இவை என்று அவர் கருதினார். அவரிடம் படித்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, இவை இரத்தத்தை ஒரே திசையில், அதாவது இருதயத்தை நோக்கி மட்டுமே செல்ல விடும் கதவுகள் என்று கண்டார். மேற்கையைக் கட்டி, புடைத்து நின்ற சிரையை விரலால் அழுத்தித் தடவி அவர் செய்து காட்டிய எளிய சோதனை, 1628-இல் வெளியான அவரது நூலில் படமாக இடம்பெற்றிருக்கிறது. இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்ற எண்ணத்துக்குத் தம்மை இட்டுச் சென்றவை இந்த வால்வுகளே என்று ஹார்வி தம்மிடம் கூறியதாக விஞ்ஞானி ராபர்ட் பாயில் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு வால்விலும் பெரும்பாலும் இரண்டு இதழ்கள் இருக்கும். பிறை வடிவான இந்த இதழ்கள் வெங்காயத்தின் உட்தோலைப் போல மெல்லியவை. ஆயினும் ஆரோக்கியமான நிலையில் அவற்றின் வலிமை வியப்பூட்டுவது. தொடையின் மேல்முனையிலிருந்து கணுக்கால் வரை தோலுக்குச் சற்று அடியில் செல்லும் பெரிய சஃபீனஸ் சிரையில் ஏறக்குறைய 10 முதல் 20 வால்வுகள் இருக்கின்றன. தொடையைவிட முழங்காலுக்குக் கீழேதான் இவை அதிகம். பாரம் எங்கு அதிகமோ அங்கே கதவுகளும் அதிகம்.

ஒருவர் அசையாமல் நிற்கும்போது, கணுக்காலில் உள்ள சிரையின் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது. இருதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் இரத்தத் தூணின் எடைதான் அது. அவர் நடக்கத் தொடங்கினால், கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடியிலும் ஆழத்தில் உள்ள சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. தசை தளரும்போது அது கீழே விழாதபடி வால்வுகள் மூடிக்கொள்கின்றன. சில அடிகளுக்குள் அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. வால்வுகள் பழுதானவர்களுக்கு நடந்தாலும் இந்த அழுத்தம் போதிய அளவு இறங்குவதில்லை. நோயின் பின்விளைவுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

நுண்ணோக்கியின் கீழ்

வால்வு இதழின் இருபுறமும் உட்படல உயிரணுக்களின் ஒற்றை அடுக்கு போர்த்தியிருக்கிறது. நடுவே கொலாஜன் என்ற உறுதியான புரத இழைகளும், எலாஸ்டின் என்ற மீள்தன்மை கொண்ட இழைகளும் இருக்கின்றன. அவ்வளவுதான். சிரையின் சுவரில் இருப்பதைப் போன்ற தடித்த தசை அடுக்கு இதழில் கிடையாது. எனவே இழைகளின் அமைப்பு சீர்குலைந்தால் இதழைத் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

சுருள் சிரை நோய் உள்ளவர்களின் சிரைகளை அறுவை சிகிச்சையின்போது எடுத்தும், உள்ளே நுண்ணிய கேமராவைச் செலுத்தியும் பார்த்த மருத்துவர்கள், வால்வுகளின் சேதத்தைப் பல நிலைகளில் கண்டிருக்கிறார்கள். சிலவற்றில் இதழ் நீண்டு தொய்ந்துபோயிருக்கும். அதன் விளிம்பு எதிர் இதழோடு பொருந்தாது. சிலவற்றில் இரண்டு இதழ்களும் சுவரோடு சேரும் மூலைகள் விலகி, இடைவெளி விட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் இதழில் கிழிசலும் துளையும் காணப்படும். நோய் முற்றிய சிரைகளில் இதழ் சுருங்கித் தடித்து, சுவரில் ஒரு தழும்பு போல எஞ்சியிருப்பதும், அடியோடு மறைந்துபோயிருப்பதும் உண்டு.

இவ்வளவும் வெறும் தேய்மானம் என்றுதான் நீண்ட காலம் கருதப்பட்டது. நெடுநாள் பாரம் தாங்கிய துணி கிழிவதைப் போல என்பது அந்தக் கருத்து. ஆனால் 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜான் பெர்கன், கீர்ட் ஷ்மிட்-ஷோன்பைன் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்தை மாற்றியது. நோயுற்ற சிரைகளின் வால்வு இதழ்களுக்குள்ளும், இதழ் சுவரோடு சேரும் இடத்திலும், மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களும் அவற்றிலிருந்து உருவாகும் மேக்ரோஃபேஜ் அணுக்களும் புகுந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். நோயில்லாதவர்களின் சிரைகளில் அந்த ஊடுருவல் காணப்படவில்லை. அதாவது வால்வு அழிவதில் அழற்சிக்கும் ஒரு பங்கு உண்டு.

இதன் இயங்குமுறை ஓரளவு விளங்கியிருக்கிறது. இரத்தம் ஒரே திசையில் சீராக ஓடும்போது, உட்படல உயிரணுக்களை அது மெல்ல உரசிச் செல்கிறது. அந்த உரசல் உயிரணுக்களுக்கு ஒரு நல்ல செய்தி போன்றது. அவை அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கின்றன. இரத்தம் தேங்கினாலோ, திரும்பிப் பாய்ந்தாலோ, அந்தச் செய்தி தடைபடுகிறது. உட்படலம் தன் மேற்பரப்பில் ஒட்டும் தன்மை கொண்ட மூலக்கூறுகளை நீட்டுகிறது. கடந்து செல்லும் வெள்ளை அணுக்கள் அவற்றில் ஒட்டி, உள்ளே நுழைகின்றன. அவை தூண்டிவிடும் மெட்டலோபுரோட்டினேஸ் வகை நொதிகள் கொலாஜனையும் எலாஸ்டினையும் அரிக்கின்றன. இதழ் மேலும் தொய்கிறது. இரத்தம் மேலும் திரும்பிப் பாய்கிறது. அழற்சி மேலும் கூடுகிறது.

இதே காலத்தில் சிரையின் சுவரும் மாறுகிறது. சுவரில் வரிசையாக அடுங்கியிருக்க வேண்டிய மென்தசை உயிரணுக்கள் வரிசை குலைந்து, சுருங்கும் வேலையை விட்டுவிட்டு இழைகளை உற்பத்தி செய்யும் வேலைக்கு மாறிவிடுகின்றன. கொலாஜனில் பல வகைகள் உண்டு. விறைப்பைத் தரும் முதல் வகை பெருகி, நெகிழ்வைத் தரும் மூன்றாம் வகை குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சுவர் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் போவதால்தான், சிரை ஒரே சீராக விரியாமல் முண்டும் முடிச்சுமாக நெளிகிறது.

வால்வா, சுவரா?

எது முதலில் பழுதாகிறது என்பதில் மருத்துவ உலகில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. தொடையின் மேல்முனையில் உள்ள வால்வு முதலில் தோற்று, பாரம் படிப்படியாகக் கீழே இறங்கி, அடுத்தடுத்த வால்வுகளையும் வீழ்த்துகிறது என்பது பழைய கருத்து. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் டிரெண்டலென்பர்க் பெரிய சஃபீனஸ் சிரையைத் தொடையில் கட்டிவிடும் சிகிச்சையை மேற்கொண்டது இந்த அடிப்படையில்தான். ஆனால் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை பரவலான பின்னர், மேலே வால்வு நன்றாக வேலை செய்யும்போதே கீழே சிரை விரிந்திருக்கும் நோயாளிகள் பலர் கண்டறியப்பட்டார்கள். சுவர் முதலில் தளர்ந்து, விட்டம் அகன்று, இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் போகின்றன என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

ஆனால் வால்வின் குறையே முதற்காரணமாகும் நேர்வுகளும் இருக்கின்றன. இமை மயிர் இரண்டு வரிசையாக முளைப்பதும், கால் வீக்கமும் சேர்ந்து வரும் ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. ஃபாக்ஸ்சி2 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே அதற்குக் காரணம். அந்த மாற்றம் கொண்டவர்களை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, பரிசோதிக்கப்பட்ட அனைவரிடமும் பெரிய சஃபீனஸ் சிரையில் இரத்தம் திரும்பிப் பாய்ந்தது. வால்வுகளை உருவாக்குவதிலும் பேணுவதிலும் இந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஒரே நோய்ப் பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கங்கள் இருக்கின்றன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பொதுமக்களிடையே நிலவும் சில நம்பிக்கைகளும் சோதனைக்கு உள்ளாகியிருக்கின்றன. இது பெண்களின் நோய் என்பது அவற்றில் ஒன்று. கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு கூடுவதும், ஹார்மோன்கள் சிரைச் சுவரைத் தளர்த்துவதும் உண்மைதான். எனினும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயது வரையிலானோரிடம் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வில், முக்கியச் சிரைகளில் சுருள் நோய் ஆண்களில் 40 சதவீதத்தினரிடமும் பெண்களில் 32 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. ஆண்கள் மருத்துவரிடம் காட்டுவதில்லை என்பதே வேறுபாடு போலும். நின்றபடி வேலை செய்வது குறித்து டென்மார்க்கில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வு, அத்தகையோர் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்காக இருப்பதைக் காட்டியது. பிரிட்டனில் 4 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வோ, உயரமானவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்றது. இரத்தத் தூணின் உயரம் கூடினால் பாரமும் கூடும் என்பதோடு இது ஒத்துப்போகிறது. அந்தத் தகவல் தொகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

புண்ணும் சர்க்கரையும்

கணுக்காலில் அழுத்தம் இறங்காமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, நுண்குழாய்களிலிருந்து நீரும் சிவப்பணுக்களும் திசுக்களுக்குள் கசிகின்றன. சிவப்பணுக்கள் சிதைந்து விடும் இரும்புச் சத்து தோலில் படிந்து கறையாகிறது. பின்னர் அரிப்பு, தோல் இறுகுதல், இறுதியாகப் புண். வெளிர்நிறத் தோலில் பழுப்புக் கறை எளிதில் தெரிந்துவிடுகிறது. கருநிறத் தோலில் அது மேலும் கருமையாக மட்டுமே தெரிவதால், நோயாளியும் சில வேளைகளில் மருத்துவரும்கூட அதைக் கவனிக்கத் தவறலாம். மருத்துவ நூல்களின் படங்கள் பெரும்பாலும் வெளிர்நிறக் கால்களையே காட்டி வந்தன என்பதும் இதற்கு ஒரு காரணம்.

தெற்காசியர்களிடையே சர்க்கரை வியாதி அதிகம் என்பதால், காலில் புண் என்றவுடன் அதுவே காரணம் என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. ஆனால் சர்க்கரை வியாதியால் வரும் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலும் விரல்களிலும் தோன்றும். சிரைக் கோளாறால் வருவது கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே தோன்றும். சிகிச்சைகளோ ஒன்றுக்கொன்று நேரெதிர். சிரைப் புண்ணுக்கு இறுக்கமான கட்டுதான் அடிப்படை மருந்து. அது இல்லாமல் களிம்புகளை மாற்றி மாற்றித் தடவுவதால் பயன் சிறிதே. தமனி அடைப்பால் வரும் புண்ணுக்கு அதே கட்டைப் போட்டால், ஏற்கனவே குறைந்த இரத்த ஓட்டம் மேலும் குறைந்து, காலையே இழக்க நேரிடலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இரண்டு கோளாறுகளும் ஒரே காலில் இருக்கவும் கூடும். எனவேதான் இறுக்கமான காலுறையையோ கட்டையோ பரிந்துரைப்பதற்கு முன்னர், கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். சில நிமிடங்களில் முடியும் எளிய சோதனை இது. மருந்துக் கடையில் தாமாகவே காலுறை வாங்கி அணியும் சர்க்கரை நோயாளிகள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

டொரண்டோவில் பிறந்த மருந்து

வால்வுகள் அழிவதற்கு மற்றொரு பாதையும் உண்டு. காலின் ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தம் உறைந்தால், அந்தக் கட்டி கரையும் போக்கில் வால்வு இதழ்கள் தழும்பாகிச் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. மெதுவாக நிகழும் அழற்சி பல ஆண்டுகளில் செய்வதை இது சில மாதங்களில் செய்துவிடுகிறது.

இந்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தின் வரலாற்றில் டொரண்டோவுக்குத் தனி இடம் உண்டு. அந்தப் பொருள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1916-இல் கண்டறியப்பட்டாலும், நச்சு விளைவுகள் காரணமாக மனிதருக்குப் பயன்படாமலே இருந்தது. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்காற்றிய சார்ல்ஸ் பெஸ்ட், டொரண்டோ பல்கலைக்கழகத்தின் கானாட் ஆய்வகத்தில் ஆர்தர் சார்ல்ஸ், டேவிட் ஸ்காட் ஆகியோருடன் சேர்ந்து 1930-களில் அதைச் சுத்திகரிக்கும் வழியைக் கண்டார். மாட்டு ஈரலை அழுக விட்டால் மருந்து கூடுதலாகக் கிடைத்தது. அந்த நாற்றம் அக்கம்பக்கத்தாரால் தாங்க முடியாததாக இருந்தது என்பது ஆய்வக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அறுவை மருத்துவர் கோர்டன் மரே 1935-ஆம் ஆண்டு டொரண்டோ பொது மருத்துவமனையில் அதை நோயாளிகளுக்குச் செலுத்தத் தொடங்கினார்.

உறைவுக்குச் சிகிச்சை பெற்றாலும், பாதிக்கப்பட்டவர்களில் 20 முதல் 50 சதவீதம் பேருக்கு நாட்பட்ட கால் வீக்கமும் வலியும் தொடர்கின்றன. இறுக்கமான காலுறையை இரண்டு ஆண்டுகள் அணிந்தால் இதைத் தடுக்கலாம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மொன்றியல் மருத்துவர் சூசன் கான் தலைமையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் 800-க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு, உண்மையான காலுறைக்கும் அழுத்தம் தராத போலிக் காலுறைக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. அறிகுறிகளைத் தணிக்கக் காலுறை உதவலாம். இழந்த வால்வை அது மீட்பதில்லை.

டொரண்டோவிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ பயணம் செய்வோர் ஏறக்குறைய ஒரு நாளை இருக்கையிலேயே கழிக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் இரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் தெரிவித்தது. சராசரி ஆளுக்கு அந்த ஆபத்து அப்போதும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே இருக்கிறது. முன்பு உறைவு ஏற்பட்டவர்கள் விஷயம் வேறு. அவர்கள் பயணத்துக்கு முன்னர் மருத்துவரிடம் பேசுவது அவசியம்.

சிகிச்சை

பழுதான வால்வைத் திரும்பத் தைக்க முடியாதா என்ற கேள்வி இயல்பானது. ஹவாயைச் சேர்ந்த ராபர்ட் கிஸ்ட்னர் 1968-இல் ஆழ்சிரை ஒன்றின் தொய்ந்த இதழ்களைத் தைத்து இழுத்துச் சரிசெய்தார். ஆனால் இது இன்றும் சில மையங்களில், தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு மட்டுமே செய்யப்படுகிறது. அரித்துப்போன இதழில் தைப்பதற்குத் திசுவே எஞ்சியிருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. தோலுக்கு அடியில் உள்ள சிரைகளைப் பொறுத்தவரை, பழுதான குழாயையே மூடிவிடுவது அல்லது நீக்கிவிடுவதுதான் வழக்கம். கால் இரத்தத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ஆழ்சிரைகள் வழியாகவே திரும்புவதால், அவை திறந்திருக்கும் வரை இதனால் இழப்பு இல்லை.

முன்பு இந்தச் சிரையை அறுவை சிகிச்சையில் உருவி எடுத்தார்கள். இப்போது லேசர், ரேடியோ அலை வெப்பம், மருத்துவப் பசை ஆகியவற்றால் உள்ளிருந்தபடியே மூடுகிறார்கள். டாப்ளர் அல்ட்ராசவுண்டில் இரத்தம் அரை விநாடிக்கு மேல் திரும்பிப் பாய்வது தெரிந்தால், தோலடிச் சிரையின் வால்வு பழுது என்று முடிவு செய்யப்படுகிறது. ஒன்டாரியோ மாகாண அரசின் மருத்துவ ஆலோசனைச் செயலகம் 2010-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், லேசர் முறை அறுவை சிகிச்சைக்கு இணையான பலன் தருகிறது என்றும், நோயாளி விரைவில் வேலைக்குத் திரும்ப முடிகிறது என்றும் கூறப்பட்டது. இருந்தும், அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மாகாண மருத்துவக் காப்பீட்டில் இடமில்லை. புதிய முறைகளுக்குப் பொதுவாகத் தனியார் மையங்களில் சொந்தப் பணத்தையே செலவிட வேண்டியிருக்கிறது. எனவே நோயின் அறிகுறிகளும் தோல் மாற்றங்களும் குடும்ப மருத்துவரின் குறிப்பில் முறையாகப் பதிவாவது முக்கியம்.

புண் வந்துவிட்டவர்கள் காத்திருப்பது நல்லதல்ல. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், கட்டுப் போடுவதோடு பழுதான சிரையையும் உடனே மூடியவர்களுக்குப் புண் ஆற எடுத்த காலத்தின் நடு அளவு 56 நாட்கள். கட்டு மட்டும் போட்டுச் சிரைச் சிகிச்சையைத் தள்ளிவைத்தவர்களுக்கு அது 82 நாட்கள்.

தமிழர்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஹாமில்டன், டொரண்டோ, எட்மன்டன் ஆகிய நகரங்களில் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இருதய இரத்தக்குழாய் நோய் தெற்காசியர்களில் சுமார் 11 சதவீதத்தினரிடமும், ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 5 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. இருதய பைபாஸ் சிகிச்சையில் மாற்றுக் குழாயாகப் பெரும்பாலும் எடுக்கப்படுவது இதே பெரிய சஃபீனஸ் சிரைதான். அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் இருதயத்தில் பொருத்துகிறார்கள். நேராக வைத்தால் ஹார்வி கண்ட அந்தக் கதவுகள் இரத்தத்தை மறித்துவிடும். முடிச்சு விழுந்து அகன்றுபோன சிரை பைபாஸுக்குப் பெரும்பாலும் பயன்படாது. நன்றாக உள்ள பகுதியை அவசரப்பட்டு அழித்துவிடுவதும் சரியல்ல. ஆகவே இருதய நோய் உள்ளவர்கள், அல்லது குடும்பத்தில் அது இருப்பவர்கள், கால் சிரையை மூடும் முடிவுக்கு முன்னர் அந்தத் தகவலை மருத்துவரிடம் சொல்வது நல்லது. மார்பின் உட்புறத் தமனி, முன்கைத் தமனி, மற்றொரு காலின் சிரை ஆகியவை மாற்று வழிகளாக இருக்கின்றன.